கூடத்தை முதலில் நேராக்குவோம்

விழாத் தலைவர் அவர்களே, கல்வி அலுவலர் அவர்களே, அன்போடு அழைத்த தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பெருமக்களே, ஒப்பனையோடு காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். விழா மலரை வெளியிட்ட பெரியவருக்கும், மேடை அமைத்த தோழர்களுக்கும் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

உயர்நிலைப் பள்ளியில் நாடகமும் நடனமும் பாடமாக வேரூன்ற மூன்று தேவை: தரை, நேரம், மதிப்பீடு. தரையிலிருந்து தொடங்குகிறேன்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு ஆடத் தெரிகிறது ஐயா, கூடம்தான் கோணல்! சிமெண்டின்மேல் டைல்ஸ் பதித்த தரையில் அரைமண்டியில், அதாவது முழங்கால்களை மடக்கிப் பாதி தாழ்ந்த நிலையில், தட்டடவு என்னும் பரதநாட்டியக் காலடிப் பயிற்சி போடும் மாணவியைப் பாருங்கள். பாதம் முழுதும் படியத் தட்ட வேண்டும். கல்தரை அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளாது. குதிகால் வழியே காலுக்கே திருப்பி அனுப்பும். நாளடைவில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் ஓரம் வலிக்கத் தொடங்கும். வலிக்கு அஞ்சி அவள் மண்டியை நிமிர்த்துவாள்; தட்டு மெலியும், தாளம் பிசகும். உடனே, "பயிற்சி போதாது" என்று ஏச்சு விழும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையேறுகிறாள். நம் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வயது! ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமை என்னும் முழவின் ஆசான், குழலோன், யாழாசான் என ஒவ்வொருவர் தகுதியையும் சொன்ன இளங்கோ, ஆட்டத்துக்கு முன்பே அரங்கை அளக்கிறார். இருபத்து நான்கு விரல் ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். அடியிலுள்ள அரங்கப் பலகைக்கும் மேலேயுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். மூவகை எழினி, அதாவது திரை. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு! இத்தனையும் அமைந்த பிறகுதான் அவள் வலக்காலை முன்வைக்கிறாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு எடைப் பொன்னும் பெறுகிறாள். கூடம் கோணல் என்று சொல்ல அங்கே யாருக்கும் இடமில்லை.

நமக்கு வேண்டியதும் பலகைதான். தரையில் ரப்பர் கட்டைகள், அவற்றின்மேல் மரச்சட்டங்கள், அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு. மேலடுக்கின் மூட்டு கீழடுக்கின் மூட்டோடு ஒன்றக் கூடாது. ஒன்றினால் அந்த இடம் தொய்யும். ஈரக்காற்றில் மரம் உப்பும் என்பதால் சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விட வேண்டும். வழுவழு வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். கம்பளம் விரித்தால் போதும் என்பார்கள். சுழலும்போது பாதம் அதில் சிக்கி முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

நாடகத்துக்கும் இதே கூடம்தான். வெறுஞ்சுவர் எதிரொலியில் சொல்லின் கடைசி அசை கரைந்துவிடும். 'வந்தான்', 'வந்தாள்' வேறுபாடு பின்வரிசைக்கு எட்டாது. பிள்ளைகள் கத்துவார்கள், தொண்டை கட்டும். பின்சுவரில் கனத்த திரை தொங்கவிடுங்கள். கடைசி வரிசையில் ஒரு மாணவனை உட்காரவைத்து, கேட்ட வசனத்தை எழுதச் சொல்லுங்கள். பிழை எங்கே என்று தாளே காட்டிவிடும்.

நேரம் பற்றி ஒரு சொல்: 40 நிமிடப் பாடவேளையில் உடை மாற்றவும் உடலைச் சூடாக்கவுமே பாதி போய்விடும், இரண்டு வேளைகளைச் சேர்த்துக் கொடுங்கள். மதிப்பீட்டைப் பேச வேறொரு மேடை வாய்க்கட்டும்.

கல்வி அலுவலர் அவர்களிடம் ஒரே வேண்டுகோள்: புதிய கட்டட வரைபடத்திலேயே மரத்தரையைக் குறித்துவிடுங்கள். கட்டி முடித்தபின் தரையை உயர்த்தினால் கதவு திறக்காது.