டீனியின் தாய்க்கு ஏன் தண்டனை இல்லை? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி சில நாட்களாக என்னை விடவில்லை. ‘ஸ்பிளென்டர் இன் த கிராஸ்’ படத்தில், காதலை அடக்கச் சொல்லியே மகள் டீனியின் மனநிலையைக் குலைத்த தாயை, இயக்குநர் எலியா கசான் ஏன் தண்டிக்காமல் விட்டார் என்று கேட்கிறார். 1961இல் வந்த படம். கதை நடப்பது 1928ஆம் ஆண்டின் கன்சாஸ் சிற்றூரொன்றில். அதே மாநிலத்துச் சிற்றூரில் பிறந்த வில்லியம் இன்ஜ் எழுதிய திரைக்கதை ஒஸ்கார் விருது பெற்றது.

‘கம்பெரலிய’ என்ற சிங்களக் கதையைப் பற்றிப் பேசியபோது சொன்னதையே மீண்டும் சொல்கிறேன், பழைய நேயர்கள் பொறுத்தருள்க: ஆசைக்குக் காவல் நிற்பவர்கள் பெரும்பாலும் அன்புள்ளவர்களே. அதில், நந்தாவை அவளை விரும்பிய பியலுக்குக் கொடுக்க மறுத்த பெற்றோர் அவளை வெறுத்தவர்கள் அல்லர். டீனியின் தாயும் அப்படித்தான். குளியல் தொட்டியில் கிடக்கும் மகளிடம், அவளது காதலன் பட்டைக் குறித்து, பட் உன்னைக் கெடுத்துவிட்டானா என்று அவள் கேட்பது உண்மையான கவலையால். அந்தக் கவலைதான் டீனியாக நடிக்கும் நற்றலி வூட்டை அலறியபடி எழுந்து ஓட வைக்கிறது.  அன்போடு கேட்பவளிடம், நான் கெடவில்லை, நீங்கள் சொன்னபடியெல்லாம் நடந்தேனே என்றுதான் அவள் கத்துகிறாள். இறுதியில், மனநல மருத்துவமனையிலிருந்து திரும்பிய டீனியிடம், பட் எங்கே என்பதைத் தாய் மறைக்க முயல, அதுவரை வாய் திறவாத தந்தை உண்மையைச் சொல்லிவிடுகிறார். இன்ஜ் அவளுக்குக் கொடுத்த தண்டனை அவ்வளவே.

ஆனால் சகோதரி பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். எண்ணெய்ப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை மருமகனாவதில் அத்தாய்க்கு ஆசைதான். மகளின் ஒழுக்கத்தை அவள் காப்பது, அது கெட்டால் அந்தச் சம்பந்தம் கைநழுவும் என்பதாலும்தான். (நம் கொழும்புக் கலியாணப் பேச்சுகளில் பெண்ணின் அடக்கம் சீதனக் கணக்குக்கு எவ்வளவு அருகில் பேசப்படுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.) பட்டின் தந்தை ஏஸும், மகன் யேல் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் முடிக்கும்வரை திருமணம் கூடாது என்கிறார். 1929இல் பங்குச் சந்தை சரிந்தபோது அவர் யன்னலால் குதித்து உயிரை விடுகிறார். டீனியின் பெற்றோரோ, அவளது மருத்துவமனைச் செலவுக்காகத் தங்களிடமிருந்த ஏஸின் கம்பனிப் பங்குகளை முன்னரே விற்றிருந்ததால் தப்புகிறார்கள். மகளை நோயாளியாக்கிய வீட்டை அந்த நோயே காப்பாற்றுகிறது. தாயைத் தண்டிக்காதது மட்டுமல்ல, இலாபத்தோடும் விட்டிருக்கிறார் இன்ஜ். சகோதரிக்கு இப்போது கோபம் இன்னும் கூடியிருக்கும்.