கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்

(பாலக்கோட்டில் மகளிர் குழுப் பயிற்றுநர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, வட்டார இயக்க மேலாளர் அவர்களே, கூட்டமைப்பின் தலைவி அவர்களே, பென்னாகரத்திலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வந்திருக்கும் பயிற்றுநர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைமையாசிரியர் அவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் தொடங்குவது முறையாகாது. அவரிடம் படித்த மாணவியர் பலர் இன்று பயிற்றுநர்களாக இந்த அரங்கில் அமர்ந்திருப்பதைவிடப் பெரிய பொன்னாடை அவருக்கு இல்லை.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989 ஆம் ஆண்டு பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கப்பட்டது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அந்த மண்ணில் நின்று மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்: குறுக்கிடாமல் கேட்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, இவற்றை வீடுகளுக்குச் செல்லும்போது கையாள்வது. மூன்றுக்கும் அடிப்படை நம் முன்னோர் சொன்ன ‘பதறாத காரியம் சிதறாது’ என்பதே.

எதிரில் இருப்பவர் சொன்னதையும் அவருடைய உணர்வையும், அவரே ‘ஆமாம், அதுதான்’ என்று ஏற்கும்படி திருப்பிச் சொன்ன பிறகே நம் கருத்தைச் சொல்ல வேண்டும் என்ற விதியை அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ராஜர்ஸ் 1950களில் முன்வைத்தார். மதுப்பழக்கத்திலிருந்து மீள முயல்வோருடன் பணியாற்றிய வில்லியம் மில்லர், 1983 இல் தாம் எழுதிய முறையில் இதையே மையமாக்கினார். கேள்விகளைவிடத் திருப்பிச் சொல்லுதல் மிகுந்திருக்க வேண்டும் என்பது அந்த முறையைக் கற்பிப்போரின் அறிவுரை. ‘பயமா இருக்கா?’ என்று குரலை உயர்த்திக் கேட்டால் எதிரில் இருப்பவர் ‘இல்லையே’ என்று விலகிக்கொள்வார். ‘உங்களுக்குப் பயமா இருக்கு’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், அவரே மேலும் பேசுவார்.

இந்த வட்டாரத்துப் பயிற்றுநர் ஒருவர், பத்தாம் வகுப்போடு மகளை நிறுத்தப்போவதாகச் சொன்ன ஒரு தாயைக் காணச் சென்றார். திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா, நிமிர்ந்துகூடப் பாராமல், “படிச்சது போதுங்க டீச்சர், பொம்பளப் புள்ளைக்கு இதுக்கு மேல எதுக்கு?” என்றார். 18 வயதுக்கு முன் திருமணம் கூடாது என்ற சட்டத்தை எடுத்துரைக்க நம்மில் எவருக்கும் நா துடிக்கும். பதறாத காரியம் சிதறாது அல்லவா! அவரும் அருகில் அமர்ந்து ஒரு கொட்டையை எடுத்தபடியே, “இதுவரைக்கும் படிச்சதே போதும்னு நினைக்கிறீங்க அக்கா” என்றார். “போதும்னு இல்ல, பதினொண்ணு படிக்க டவுனுக்குப் போகணும்.” “டவுன்தான் உங்களுக்கு யோசனையா இருக்கு.” “டவுன் என்ன டவுன்! சாயந்திர பஸ்ஸ விட்டா அடுத்தது இருட்டுனப்புறந்தான். ரோட்டுல எறங்கி ஏரிக்கரை மேல தனியா நடந்து வரணும்.” பயிற்றுநர் சற்று நிறுத்தி, “படிக்க வைக்க ஆசைதான், இருட்டுல அவ தனியா வர்றதுதான் உங்க மனசை அறுக்குது” என்றார். புளி தட்டிய கை நின்றது. “அதேதாங்க,” என்றார் அந்தத் தாய், “இத யாரும் எங்கிட்ட கேக்கல.”

அவையோர் இங்கே கூர்ந்து நோக்க வேண்டும். படிப்பின் பெருமையை விளக்கியிருந்தால் அந்த ஏரிக்கரை நம் காதுக்கு எட்டியிருக்காது. மகளிர்க்கு நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு 2022 முதல் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. இவை பெருமைக்குரிய திட்டங்கள். ஆனால் அந்தக் கல்லூரி வாசலை எட்டுவதற்கு முன்னரே, சிறப்பு வகுப்பு முடிந்து வரும் நேரத்தில் பேருந்து இல்லை என்பதற்காக ஒரு பெண் வீட்டில் நிறுத்தப்படுகிறாள். பள்ளி விடும் நேரத்துக்கு ஏற்ற மாலைப் பேருந்து நம் உட்கிராமங்களுக்கு வேண்டும் என்று நான் மேடைதோறும் கேட்டு வருகிறேன், இன்றும் கேட்கிறேன்.

எனவே பயிற்றுநர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மகளை நிறுத்த எண்ணும் வீட்டுக்கு அறிவுரையோடு செல்லாதீர்கள். சொல்வதைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, அவர்கள் ‘அதேதான்’ என்ற பிறகு அந்தச் சொற்களையே அவர்கள் ஒப்புதலோடு, பெயரில்லாமல் எழுதி வாருங்கள். எந்த ஊர், எந்த நேரம், சாலையிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதையும் சேருங்கள். மே 1 கிராம சபையில் தீர்மானமாகவும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகவும் அவற்றை அளிப்போம். பதறாத காரியம் சிதறாது. பொறுமையாகத் திரட்டிய மனுவை எளிதில் தள்ள முடியாது. எழுதும் தாள்கள் வாசலருகே மேசையில் உள்ளன. கூட்டமைப்பின் தலைவி அவர்கள் ஊர்வாரியாகத் தர இசைந்திருக்கிறார்கள்.