அணி ஊர் மாறினால் கோப்பை யாருக்கு?

வணக்கம் நேயர்களே. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் வாழப்பாடிக்கு அருகே, காட்டுவேப்பிலைப்பட்டியில் இருக்கும் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானத்தின் வெளியே நின்று இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். 2020 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்த மைதானம் இது. ராகுல் திராவிடும் விழாவுக்கு வந்திருந்தார். 2022 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக், அதாவது டிஎன்பிஎல் ஆட்டங்கள் இங்கே நடந்து வருகின்றன.

கோவை ஒண்டிப்புதூரில், திறந்தவெளிச் சிறை இருக்கும் நிலத்தில், சர்வதேசத் தரத்தில் ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டுவது பற்றிய பேச்சு 2024 மக்களவைத் தேர்தல் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே அவ்வளவு பெரிய மைதானம் எழுந்துவிட்டால் வாழப்பாடிக்கு வரும் ஆட்டங்கள் குறையுமா, சேலம் ஸ்பார்ட்டன்ஸ் அணியே வேறு ஊர்ப் பெயரைச் சூடிக்கொள்ளுமா என்று நம் ஊர் ரசிகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அதைக் கேட்கும் முன், சேலம் ஸ்பார்ட்டன்ஸ் எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இது தூத்துக்குடியிலிருந்து வந்த அணி. 2016இல் டிஎன்பிஎல் தொடங்கிய முதல் ஆண்டிலேயே தினேஷ் கார்த்திக் தலைமையில் கோப்பையை வென்ற டுட்டி பேட்ரியாட்ஸ்தான் பிறகு சேலத்துப் பெயரை ஏற்றது. திருவள்ளூர் என்று தொடங்கிய அணி காஞ்சியாகி, அதன்பின் நெல்லையானது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. ஆகவே ஊர் மாறுவது நமக்கு வரக்கூடிய ஆபத்து மட்டுமில்லை, நமக்கு ஏற்கெனவே கிடைத்த ஆதாயமும்கூட.

அணிகளை ஊர்விட்டு ஊர் மாற்றும் இந்த ஆட்டத்தை நீண்ட காலமாக ஆடிவருபவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய கதைகளில் நமக்கு அதிகம் பயன்படுவது சியாட்டில் நகரத்தின் கதை என்று நான் கருதுவதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சியாட்டிலில் சூப்பர்சானிக்ஸ் என்றொரு கூடைப்பந்து அணி இருந்தது. 1979இல் தேசிய அளவில் வாகை சூடிய அணி. 2006இல் அதன் உரிமையாளர், ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனத்தை வளர்த்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ், 35 கோடி டாலருக்கு அதை ஓக்லஹோமா தொழிலதிபர்களிடம் விற்றார். 1995இல்தான் புதுப்பிக்கப்பட்டிருந்த கீ அரீனா என்ற அணியின் அரங்கம் போதாது, பொதுப்பணத்தில் புதிய அரங்கம் வேண்டும் என்று புதிய உரிமையாளர்கள் கேட்டார்கள். மாநிலச் சட்டமன்றம் இணங்கவில்லை. அதற்கு முன்பே, 2006 நவம்பரில், விளையாட்டு அரங்கத்தில் நகரம் போடும் பணத்துக்குக் குறைந்தபட்சம் அரசுக் கடன் பத்திரத்தின் வட்டி அளவுக்காவது வருமானம் திரும்பி வர வேண்டும் என்ற விதியைச் சியாட்டில் வாக்காளர்கள் பெரும் பெரும்பான்மையில் நிறைவேற்றியிருந்தார்கள். முடிவில் 2008இல் அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டது. அரங்கக் குத்தகையில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தன. நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கை நாலரைக் கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை யாரும் போக முடியாது என்று நம்புகிறவர்கள் இந்தத் தொகையைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்: போக முடியும், விலை கொடுத்தால் போதும்.

அடுத்த பகுதிதான் எனக்கு இன்னும் சுவையானது. அணியை இழந்த சியாட்டிலில், 2012இல், கிறிஸ் ஹான்சன் என்ற முதலீட்டாளர் புதிய அரங்கத்துக்கான திட்டத்தோடு வந்தார். கையில் திட்டம் இருந்தது, அணி இல்லை. எனவே சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியை வாங்கிச் சியாட்டிலுக்குக் கொண்டுவர அவர் தரப்பு முயன்றது. 2013 மே மாதம், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணி உரிமையாளர்கள் 22க்கு 8 என்ற வாக்கில் அந்த இடமாற்றத்தை நிராகரித்தார்கள். நிராகரித்ததற்குக் காரணம், அதற்குள் சாக்ரமெண்டோ பதறிப்போய் உள்ளூரில் புதிய உரிமையாளர்களைத் திரட்டி, நகரத்தின் பணத்தையும் சேர்த்து, தானும் ஓர் அரங்கம் கட்டுவதாக உறுதியளித்திருந்ததுதான். அந்த அரங்கம் 2016இல் திறக்கப்பட்டது. ஓர் ஊரில் வரைந்த படத்துக்கு இன்னோர் ஊர் பணம் கட்டியது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். புதிய அரங்கத் திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது, அது கட்டப்படுமா என்பதைவிட, அது யாரைப் பயமுறுத்துவதற்காகக் காட்டப்படுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சியாட்டிலில் ஹான்சனின் திட்டம் ஒரு தெருவால் முடங்கியது. அரங்கத்துக்காக ஆக்சிடெண்டல் அவென்யூ என்ற அந்தத் தெருவின் ஒரு பகுதியை நகரம் விட்டுக்கொடுக்க வேண்டும். துறைமுக லாரிப் போக்குவரத்து பாதிக்கப்படும் என்று எதிர்ப்பு இருந்தது. 2016 மே மாதம் நகரமன்றம் 5க்கு 4 என்ற வாக்கில் மறுத்தது. பழைய கீ அரீனாவையே, 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய அதன் கூரையைக் காப்பாற்றி, அடியில் மற்ற அனைத்தையும் தனியார் பணத்தில் புதிதாகக் கட்டி, 2021இல் திறந்தார்கள். அதே ஆண்டு கிராக்கன் என்ற ஐஸ் ஹாக்கி அணி அங்கே ஆடத் தொடங்கியது.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் இதைவிடப் பாவம். 2019 முதல் 2024 வரையான காலத்தில் கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால் என மூன்று அணிகளையும் இழந்தது. பேஸ்பால் அணியின் லாஸ் வேகாஸ் அரங்கத்துக்கு நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் ஒதுக்கியிருக்கிறது.

இவ்வளவு பணம் ஊருக்குத் திரும்பி வருமா என்று கேட்டால், இதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களில் பெரும்பாலோர் இல்லை என்றே சொல்கிறார்கள். மைதானத்தில் ஒரு குடும்பம் செலவிடும் பணம் பெரும்பாலும் அதே ஊரில் வேறெங்கோ செலவாகியிருக்க வேண்டிய பணம். நம் கணக்கில் சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஏற்காட்டுக்குப் போயிருப்பார்கள், அல்லது ஒரு திரைப்படம் பார்த்துவிட்டுத் தட்டுவடை செட் சாப்பிட்டிருப்பார்கள். ஆட்டம் நடக்கும் நாட்களில் வாழப்பாடிக் கடைகளில் கூட்டம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டில் மீதியுள்ள மாதங்களையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

டிஎன்பிஎல் அமைப்பே வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எட்டு அணிகளும் ஒன்றாகக் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என்று ஊர் ஊராகச் சென்று ஆடுகின்றன. அணி ஒருவருடையது, மைதானம் வேறொருவருடையது. அதனால் நம் அணி பெயர் மாறினாலும் வாழப்பாடியில் ஆட்டம் நடக்கலாம். கோவையில் புதிய மைதானம் வந்து இங்கே ஆட்டங்கள் நின்றுபோனாலும் அணி சேலத்துப் பெயரோடு தொடரலாம். இரண்டு கவலைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2018இல் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டத்தோடு சென்னை சூப்பர் கிங்ஸ் புனேவுக்குப் போக வேண்டியிருந்தது. ரசிகர்கள் தனி ரயிலில் பின்தொடர்ந்தார்கள். பெயர் சென்னையாகவே இருந்தது. நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனோ திருப்பூர் அணிக்குப் பந்து வீசுகிறார்.

அந்தத் திருப்பூர் அணிதான் 2025இல் டிஎன்பிஎல் கோப்பையை வென்றது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு ஓக்லஹோமா சிட்டி என்பிஏ வாகையர் ஆனது. ஒன்று காரைக்குடி இழந்த அணி, மற்றொன்று சியாட்டில் இழந்த அணி. ஆனால் சியாட்டில் ஒரு வேலை செய்திருந்தது: சூப்பர்சானிக்ஸ் என்ற பெயரும் நிறமும் தன் ஊருக்கே உரியவை என்று பிரியும்போதே எழுதி வாங்கியிருந்தது. கிளீவ்லாந்து 1996இல் இதையே இன்னும் திருத்தமாகச் செய்தது. அங்கிருந்து பால்டிமோருக்குப் போன அமெரிக்கக் கால்பந்து அணி பிரவுன்ஸ் என்ற பெயரையும் பழைய வரலாற்றையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்துப் புதிய அணி அதே பெயரில் களமிறங்கியது. காரைக்குடிக்கும் தூத்துக்குடிக்கும் அப்படி எதுவும் வாய்க்கவில்லை.

சேலத்துக்காரனாக இருந்தும் சொல்கிறேன், 2016 கோப்பை தூத்துக்குடியுடையது. அதை நம் கணக்கில் சேர்த்துப் பேசும் நண்பர்களோடு நான் உடன்படவில்லை. தூத்துக்குடி நேயர்கள் யாராவது இதைப் பார்த்தால், உங்கள் ஊருக்கு மீண்டும் ஓர் அணி வரும்போது பேட்ரியாட்ஸ் என்ற பெயரை முதலில் கேட்டு வாங்குங்கள். சேலத்தில் அதை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை.