கடன் வாங்கும் முன் அனுப்ப வேண்டிய விண்ணப்பம்

நேயர்களுக்கு வணக்கம். தம்பு செட்டித் தெருவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். வீடு ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கம். சட்டம் படித்துவிட்டு வெளிநாட்டில் தொழில் செய்ய நினைக்கும் பிள்ளைகள் ஞாயிறு மாலைகளில் என் வீட்டுக்கு வருவார்கள். வந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மேடம், எல்.எல்.எம். எந்தக் கல்லூரியில் சேரலாம்?" எல்.எல்.எம். என்றால் சட்டத்தில் முதுகலைப் படிப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து மகளை அமெரிக்காவில் எல்.எல்.எம். படிக்க வைத்திருந்தார். அதைப் படித்தால்தான் நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வு எழுத முடியும் என்று ஓர் ஆலோசனை நிறுவனம் சொன்னதாம். படிப்பை முடித்துத் தேர்வுக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது, இங்கே படித்த மூன்றாண்டுச் சட்டப் பட்டமே அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. "அப்படியென்றால் இந்தக் கடன் எதற்கம்மா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இன்று இந்த ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

நியூயார்க்கில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்குப் பெயர் மேல்முறையீட்டு நீதிமன்றம். அதன் விதி 520.6 தான் வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களுக்கானது. அந்த விதி நான்கு விஷயங்களைப் பார்க்கிறது. உங்கள் பட்டம் உங்கள் நாட்டில் வழக்கறிஞராவதற்கான கல்வித் தகுதியைத் தருகிறதா? கல்லூரி முறையான அங்கீகாரம் பெற்றதா? படித்த காலம் அமெரிக்கச் சட்டப் படிப்புக்கு ஏறக்குறைய நிகரானதா? உங்கள் நாட்டுச் சட்டம், முந்தைய தீர்ப்புகளையும் சட்டமாக ஏற்கும் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைச் சேர்ந்ததா? நம்முடைய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. அதன் வேர் ஆங்கிலேயச் சட்டத்தில் இருக்கிறது என்று முதலாண்டு மாணவரும் சொல்வார். எனவே கடைசிக் கேள்வியில் நமக்குத் தடையில்லை. முழுநேர வகுப்பில் மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டுப் படிப்பை முடித்த இந்தியர்கள் பலர் எல்.எல்.எம். இல்லாமலேயே தேர்வு எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொருவரின் தகுதியையும் அங்குள்ள தேர்வு வாரியமே ஆராய்ந்து சொல்ல வேண்டும். அதற்கென்று தனி மதிப்பீட்டு விண்ணப்பம் இருக்கிறது. கடன் கேட்டு வங்கிக்குப் போவதற்கு முன் அனுப்ப வேண்டிய விண்ணப்பம் அது.

எல்.எல்.எம். யாருக்குத் தேவை? காலம், சட்ட மரபு என்ற இரண்டில் ஏதாவது ஒன்றில் மட்டும் குறை உள்ளவர்களுக்கு. இரண்டிலும் குறை இருந்தால் எல்.எல்.எம். படித்தும் பயனில்லை. அந்தப் படிப்பும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த கல்லூரியில், அமெரிக்க மண்ணில், வகுப்பறையில் அமர்ந்து படித்ததாக இருக்க வேண்டும். குறைந்தது 24 கிரெடிட், அதாவது பாட அளவுப் புள்ளிகள். அவற்றில் தொழில் ஒழுக்கத்துக்கு 2, சட்ட ஆராய்ச்சிக்கும் எழுத்துக்கும் 2, அமெரிக்கச் சட்ட அறிமுகத்துக்கு 2, தேர்வில் வரும் பாடங்களுக்கு 6. அறிவுசார் சொத்துரிமை, வரிச் சட்டம் என்று ஒரே துறையில் இறங்குபவர்கள் இந்த ஆறைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஓராண்டுப் படிப்பும் அதற்கான பணமும் போன பிறகு இது தெரிய வந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பெயர். நமக்கு முன்னெழுத்துதான் வழக்கம். மதிப்பெண் பட்டியலில் 'ஆர். கலைச்செல்வி', பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில், வழக்கறிஞராகப் பதிவு செய்யும் பார் கவுன்சிலின் அட்டையில் கணவர் பெயரோடு. மூவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். கடல் கடந்து ஒரு மேசையில் கோப்பைத் திறப்பவருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட் எடுக்கும்போதே இதை யோசியுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால், வேறுபாட்டை விளக்கும் பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் சான்றுபெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களைப் பல்கலைக்கழகமே வாரியத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். பீரோவிலிருந்து எடுத்து நாம் அனுப்பும் நகல் செல்லாது. பருவ வாரியான மதிப்பெண் பட்டியல் வேறு, மொத்தப் படிப்பையும் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட் வேறு. பிள்ளைகளோடு அமெரிக்காவில் குடியேறிவிட்ட மூத்த வழக்கறிஞர்களும் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களில் பலர் உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த பழைய சட்டக் கல்லூரியில் படித்தவர்கள். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வருவதற்கு முன் பட்டம் பெற்றவர்களுக்கு அந்தப் பட்டத்தைத் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலேயே அவர்களுக்குச் சில மாதங்கள் போய்விடுகின்றன. ஆகவே தேர்வுக்கு இரண்டு ஆண்டு முன்பே தொடங்குங்கள் என்பேன். அவ்வளவு எதற்கு என்று கேட்டவர்கள் பிறகு என்னிடம் வருந்தியிருக்கிறார்கள்.

நியூயார்க்கோடு உலகம் முடிந்துவிடவில்லை. கலிபோர்னியா, தன் நாட்டில் பதிவு பெற்றுத் தொழில் செய்யும் வழக்கறிஞரை எல்.எல்.எம். கேட்காமலே தேர்வுக்கு அனுமதிக்கிறது. அங்கே நம் பார் கவுன்சில் பதிவுக்கு மதிப்பு அதிகம். அதனால் விமானம் ஏறும் அவசரத்தில் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்பது ஒரு வகை வழக்கறிஞர்; 2021 முதல் சொலிசிட்டராவதற்கு இரண்டு கட்டத் தேர்வு. முதல் கட்டம் 360 கொள்குறி வினாக்கள். வேறு நாட்டில் ஏற்கெனவே தகுதி பெற்ற வழக்கறிஞருக்கு அங்கே கேட்கப்படும் இரண்டாண்டுப் பணி அனுபவத்திலிருந்து விலக்கு உண்டு. கனடாவில் தேசிய மதிப்பீட்டுக் குழு முதலில் உங்கள் படிப்பை எடைபோட்டு, இன்னின்ன பாடங்களை எழுதுங்கள் என்று சொல்லும்.

நியூயார்க் தேர்வு பிப்ரவரியிலும் ஜூலையிலும், இரண்டு நாள். 200 கொள்குறி வினாக்கள், ஆறு கட்டுரைகள், கோப்பைப் படித்து எழுதும் இரண்டு பணிகள். 400-க்கு 266 எடுத்தால் தேர்ச்சி. அதன் பிறகும் தொழில் ஒழுக்கத் தேர்வு, 50 மணி நேர இலவசச் சட்ட உதவி ஆகியவற்றை முடித்தால்தான் வழக்கறிஞராகப் பதிவு கிடைக்கும். இவற்றில் எதுவும் விசா வாங்கித் தராது. இதைப் பிள்ளைகளை விடப் பெற்றோர்தான் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெரியவரின் மகள் தேர்வில் வென்றுவிட்டாள். அப்பாவின் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறாள். விடுமுறையில் ஊருக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் மற்றவர்களின் ஆவணங்களைச் சரிபார்த்துத் தருகிறாள். வர நினைப்பவர்கள் சட்டப் பட்டம், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் மூன்றையும் கையோடு எடுத்து வாருங்கள். முதலில் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்போம். வணக்கம்.