அழுகிற மனதுக்கு எந்தப் பாட்டு?

வணக்கம்.

மனம் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்ததும் நமக்கு என்ன தோன்றுகிறது? துள்ளலாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டால் தெம்பாகிவிடுவார் என்றுதானே? அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் பல சமயம் அவருக்கு அது எரிச்சலாகிவிடும். தன் வலி யாருக்கும் புரியவில்லை என்ற எண்ணம் இன்னும் இறுகிப்போகும்.

இசை சிகிச்சையில் இதற்கு நேர் எதிரான வழி ஒன்று உண்டு. 1940களில் ஐரா ஆல்ட்ஷுலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை ‘ஐசோ’ என்றார். கிரேக்கத்தில் ‘சமம்’ என்று பொருள். மனம் எந்த நிலையில் இருக்கிறதோ, அதற்குச் சமமான இசையில்தான் தொடங்க வேண்டும். சோர்ந்திருப்பவருக்கு மெதுவான இசை, பதறிக்கொண்டிருப்பவருக்கு வேகமான இசை. அவர் அதில் ஒன்றியபிறகு வேகத்தையும் ஒலியையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவார்கள். கிணற்றில் இறங்கிப் போய், கையைப் பிடித்துக் கூடவே படியேறி வருவது மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அப்புறம், பாட்டுக் கேட்பது மட்டுமே இசை சிகிச்சை இல்லை. பின்லாந்தில் மனச்சோர்வு உள்ள 79 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. 33 பேர் மட்டும் கூடுதலாக, பயிற்சி பெற்ற சிகிச்சையாளரோடு உட்கார்ந்து மேளமும் மற்றக் கருவிகளும் வாசித்தார்கள், மொத்தம் 20 அமர்வுகள். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கைக்கு வந்ததைத் தட்டலாம், பிறகு அதைப் பற்றிப் பேசலாம். வாயால் சொல்ல முடியாத கோபமும் துக்கமும் முதலில் கை வழியாக வெளியே வந்துவிடும். எதிரே இருப்பவர் அதே மொழியில் பதில் வாசிப்பார். மூன்று மாத முடிவில், இப்படி வாசித்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தன. ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து என்பதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். பாட்டை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஒரே சோகப் பாட்டை நாளெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டு ஒருவர் இன்னும் மூழ்கிக்கொண்டே போனால், அவரை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

மற்றபடி, வீட்டில் யாராவது வாடியிருந்தால் பாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். “என்ன கேட்கலாம்?” என்று அவரிடமே கேளுங்கள். அழவைக்கிற பாட்டைச் சொன்னாலும் சரி, போடுங்கள். போட்டுவிட்டு எழுந்து போய்விடாமல் பக்கத்திலேயே இருந்து முழுதும் கேளுங்கள்.