கேசினோ திறக்காததற்குக் காரணம் ஒரே ஒரு ஃபைல்

வணக்கம் மக்களே. என் கணினியில் கேசினோ மென்பொருள் திறக்காமல் மூன்று நாளாகப் படுத்திய பிரச்சினை இன்று காலையில்தான் தீர்ந்தது. சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று உடனே கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கீபோர்டு சுத்தம் செய்யும் வீடியோவை அடுத்த முறை போடுகிறேன்.

நான் காசு கட்டி ஆடுவதில்லை, பயிற்சி மேசையில் ரூலெட், அதாவது எண்கள் எழுதிய சக்கரத்தில் பந்து விழும் ஆட்டம், அது மட்டும்தான் சுற்றுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதுவும் ஒற்றைப் பூஜ்ய மேசைதான். இரட்டைப் பூஜ்ய மேசை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இதில் 37 எண்கள், அதில் 38. ஆனால் ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தால் இரண்டிலும் 35 மடங்குதான் தருவார்கள். கேசினோவின் அனுகூலம், அதாவது கட்டும் பணத்தில் சராசரியாக அவர்களுக்கே தங்கும் பங்கு, 2.7 சதவீதத்திலிருந்து 5.26க்குத் தாவிவிடும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கேசினோ, கணினியிலேயே இன்ஸ்டால் செய்யும் மென்பொருள் வகை. இன்ஸ்டால் ஒழுங்காக முடிந்தது. டபுள் கிளிக் செய்தால் மவுஸ் அம்புக்குப் பக்கத்தில் அந்த நீல வளையம் இரண்டு சுற்று சுற்றுகிறது, உடனே எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை என்று ஒரு பெட்டி வருகிறது. டிஎல்எல் என்பது மென்பொருள் ஓடும்போது துணைக்குக் கூப்பிடும் ஃபைல். ஓகே அழுத்தினால் எல்லாம் மறைந்துவிடுகிறது.

அந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள் என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். பணம் புழங்கும் மென்பொருளுக்காகக் காவலை எடுத்துவிடச் சொல்வது என்ன யோசனை? யார் சொன்னாலும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செட்டப் ஃபைலில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற இடத்தில் வெளியிட்டவர் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடமே இல்லையென்றால் நான் அந்த ஃபைலைத் தொடமாட்டேன்.

அந்த டிஎல்எல் கேசினோவின் சொந்த ஃபைலே இல்லை. மென்பொருள் எழுத உதவும் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸில் எழுதிய எத்தனையோ மென்பொருள்களுக்குப் பொதுவானது. ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. என் விண்டோஸ் 64 பிட், அதனால் எக்ஸ்64, அதாவது 64 பிட் பதிப்பு என்று இருந்ததை இறக்கிப் போட்டேன். திறக்கவில்லை.

இரண்டாம் நாள்தான் ஒன்று கண்ணில் பட்டது. கேசினோ போய் உட்கார்ந்திருந்த ஃபோல்டரின் பெயரிலேயே எக்ஸ்86 என்று இருந்தது! அப்படியென்றால் அது 32 பிட் மென்பொருள். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும், 32 பிட் மென்பொருள் 32 பிட் டிஎல்எல்லைத்தான் கேட்கும். அதாவது எக்ஸ்86 பதிப்பு. அதை இறக்கினேன், 15 எம்பிகூடத் தேறாத ஒரு ஃபைல். போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன், டபுள் கிளிக். மறுபடியும் பெட்டி! 0எக்ஸ்சி000007பி என்று ஒரு பிழை எண்.

இருங்கள், இந்த எண் எப்போது முளைத்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கொஞ்சம் பின்னால் போகிறேன். முதல் நாள் ராத்திரி, டிஎல்எல் ஃபைலைத் தனியாகக் கொடுக்கும் தளம் ஒன்றிலிருந்து அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்து, கேசினோ ஃபோல்டருக்குள் காப்பி செய்திருந்தேன். செய்யக் கூடாத வேலை. அப்போதிருந்தே "இல்லை" என்ற பெட்டி போய் இந்த எண் வர ஆரம்பித்திருந்தது. பெரும்பாலும் 32 பிட்டும் 64 பிட்டும் மோதிக்கொள்ளும்போது வருகிற எண் இது. நான் போட்டது 64 பிட் ஃபைல். மென்பொருள் முதலில் தன் சொந்த ஃபோல்டரில்தான் டிஎல்எல் தேடும். அங்கே தவறான ஃபைல் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு அங்கேயே முட்டி நின்றுவிடும், விண்டோஸில் சரியானது காத்திருந்தாலும் அங்கே போய்ப் பார்க்காது.

இன்று காலை அந்த ஃபைலை டெலீட் செய்தேன். டபுள் கிளிக். நீல வளையம் சுற்றியது, திரை கறுத்தது, மேசைகளைத் தேர்ந்தெடுக்கும் முகப்பான லாபி திறந்தது! நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

இன்னொரு விஷயம். சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். பெயர் அப்படியே தலைகீழ். பழைய மென்பொருள்கள் தேடும் பெயர் மாறக் கூடாது என்று சிஸ்டம்32ஐ அப்படியே வைத்துக்கொண்டார்கள். பெயரைப் பார்த்து ஏமாந்து எதையும் அங்கே கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

லாபி வந்த பிறகும் மேசை இணையவில்லை, பாதுகாப்பான இணைப்பு இல்லை என்றது. அது இரண்டு நிமிட வேலை. போன வீடியோவில் மதர்போர்டின் பட்டன் செல்லை மாற்றினேன் இல்லையா, அதில் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதி தவறாக இருந்தால், கேசினோவின் சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ் செல்லாது என்றே கணினி நினைக்கும். தேதியைத் திருத்தியதும் மேசை வந்துவிட்டது.

முதல் சுற்றில் பந்து 32இல் விழுந்தது, பூஜ்யத்துக்குப் பக்கத்து எண். அந்த டிஎல்எல் இன்னும் ரீசைக்கிள் பின்னில்தான் இருக்கிறது, இதோ உங்கள் கண் முன்னாலேயே காலி செய்கிறேன்.