ஊக்கு மாட்ட முடிகிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் சோதனைக்கு ரத்தம் கொடுக்கிறார்கள். வெள்ளை அணு எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தாளில் எண் வந்துவிடுகிறது. சில கீமோ மருந்துகள் நரம்பையும் கெடுத்து, கை காலை மரத்துப்போகச் செய்யும். அந்த நரம்புக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. கேட்டும் தொட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும். "சொன்னா மருந்த நிறுத்திருவாங்களோ" என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் அளவைக் குறைக்கலாம், தவணையைத் தள்ளிப்போடலாம், சில நேரம் மருந்தை மாற்றலாம். முற்றிய பிறகு தெரிந்தால் அந்த மரமரப்பு ஆண்டுக்கணக்கில் நின்றுவிடக்கூடும்.

எல்லாக் கீமோவும் நரம்பைத் தாக்குவதில்லை. பாக்ளிடாக்ஸெல், டோசிடாக்ஸெல், ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், வின்கிறிஸ்டின், போர்ட்டிஸோமிப் ஆகியவைதான் முக்கியமானவை. நரம்பு இழைக்குள் சரக்கு கொண்டுபோகும் நுண்குழாய்களை பாக்ளிடாக்ஸெல்லும் வின்கிறிஸ்டினும் கெடுக்கின்றன. பிளாட்டின மருந்துகள் தண்டுவடத்தை ஒட்டியுள்ள நரம்பணுக்களில் போய்த் தங்குகின்றன. மிக நீளமான நரம்புதான் முதலில் தளரும். அதனால் இரண்டு கால் விரல் நுனியிலும் ஒரேபோலத் தொடங்கி மேலே ஏறும், கைவிரலுக்கும் வரும். "எறும்பு ஊருத மாதிரி", "பஞ்சுல மிதிக்க மாதிரி" என்று நம் பக்கத்தில் சொல்வது அதைத்தான்.

சோதனையை முதல் ஊசிக்கு முன்பே ஒருமுறை செய்து குறித்துவைக்க வேண்டும். பலருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை இருக்கும், சிலருக்கு பி12 குறைவு, சிலருக்குக் குடிப்பழக்கம். வயதானவர்களுக்குக் கணுக்கால் அனிச்சை (குதிகாலுக்கு மேலே உள்ள நாரைத் தட்டினால் பாதம் தானாக அசைவது) தானாகவே மங்கியிருக்கும். முன்குறிப்பு இல்லாவிட்டால் எது பழசு, எது மருந்தால் வந்தது என்று பிரிக்க முடியாது.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை, அதாவது தட்டினால் அதிரும் உலோகக் கவையைத் தட்டி, கால் பெருவிரல் மூட்டு எலும்பின் மேல் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று கேட்க வேண்டும். முதலில் நெற்றியில் வைத்து, அதிர்வு என்றால் இதுதான் என்று காட்டிவிடுங்கள். இல்லையென்றால் உலோகத்தின் குளிர்ச்சி பட்டதற்கே "தெரியுது" என்பார்கள். அதிராத கவையையும் இடையிடையே வைத்துப் பார்த்தால் பதிலின் நம்பகம் புரியும். அடுத்தது 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை. கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும்வரை ஒரு நொடி அழுத்த வேண்டும். வயலில் வெறுங்காலோடு நடந்து காய்த்துப்போன தோலில் வைத்தால் நல்ல நரம்பும் உணராது. காய்ப்பு இல்லாத இடம் பாருங்கள். கால் விரலை மேலும் கீழும் அசைத்து, அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்கும்போது அதன் இரு பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும். மேலும் கீழுமாகப் பிடித்தால் அழுத்தமே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். வின்கிறிஸ்டின் எடுப்பவரைக் குதிகாலால் நடக்கச் சொல்லுங்கள். பாதம் தொங்குகிறதா என்று தெரியும். அவர்களிடம் மலச்சிக்கலையும் கேட்க வேண்டும். அதுவும் நரம்புக் கோளாறுதான்.

இதைவிட முக்கியம் கேள்வி. அச்சடித்த கேள்வித்தாள்கள் சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று கேட்கும். சேலை கட்டும் அம்மாவிடம் ஊக்கு மாட்ட முடிகிறதா, பூ கட்ட வருகிறதா என்று கேட்க வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுபவர்களிடம் நூல் நழுவுகிறதா, இலை விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று கேளுங்கள். சுற்றும் பீடியின் எண்ணிக்கை குறைந்ததை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், களைப்பாலும் குறையும். செருப்பு கழன்றது தெரிகிறதா? முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா? அப்படியானால் ஆற்றுப் படித்துறையில் தனியே இறங்கக் கூடாது. வென்னியின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். அது மரத்திருந்தால் வீட்டில் வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும்.

இந்தப் பதில்களை வைத்துப் பாதிப்பை நிலை பிரிப்பார்கள். அறிகுறி லேசாக இருந்து வேலை தடைப்படாவிட்டால் முதல் நிலை. சமையல், கடைக்குப் போவது போன்றவை தடைப்பட்டால் இரண்டாம் நிலை. குளிக்க, உடுத்த, சாப்பிடவே சிரமம் என்றால் மூன்றாம் நிலை, அங்கே பொதுவாக அந்த மருந்தை நிறுத்த வேண்டிவரும். முடிவு மருத்துவருடையது, அவருக்கு வேண்டியது உங்கள் உண்மையான பதில்.

நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை, பெரிய இழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலைத் தரும் சின்ன இழைகள் அதில் சிக்காது. ரிப்போர்ட் நார்மல் என்பதால் நோயாளி பொய் சொல்கிறார் என்று வீட்டார் நினைக்க வேண்டாம்.

ஆக்ஸாலிபிளாட்டினுக்கு ஒரு தனிக் குணம். ஊசி போட்ட சில நாளுக்குக் குளிர்ச்சி பட்டால் விரல் சுருக்கென்று குத்தும், ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். அந்த நாட்களில் குற்றாலக் குளியல் வேண்டாம். தொண்டை அடைப்போடு தடிப்பு, வீக்கம், இளைப்பு சேர்ந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த மருந்தின் மரமரப்பு, சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடிக்கொண்டே போகலாம். ஆகவே கடைசி ஊசியோடு சோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

நரம்பு வலிக்கு டூலோக்ஸிடின் என்ற மருந்து பலன் தரும் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது, மருத்துவர் சீட்டோடு மட்டும். வராமலே தடுக்கும் என்று விற்கும் சத்து மாத்திரைகளை வாங்காதீர்கள். அவற்றில் ஒன்றான அசிட்டைல் கார்னிட்டின் ஒரு ஆய்வில் மரமரப்பைக் கூட்டியே விட்டது.

ஒரே பக்கம் மட்டும் மரத்தால், முதுகுவலியோடு இரண்டு காலும் திடீரென வலுவிழந்தால், சிறுநீர் அடைத்தால், அதை மருந்தின் கணக்கில் எழுதாதீர்கள். கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம். அடுத்த தவணைத் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.